கணக்கில் சேராத மரணங்கள்

தொத்து நோய் பரவினால் சுகாதார அதிகாரிகள் கணக்கெடுக்கிறார்கள். யாரை நோயாளி என்று எழுதுவது என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். நோயின் அடையாளங்கள் மட்டும் இருந்தால் அவர் சந்தேகத்துக்குரிய நோயாளி. அதோடு, நோய் கண்டவரோடு பழகியவர் என்பது போன்ற ஆதாரமும் இருந்தால், பெரும்பாலும் அந்த நோயாகவே இருக்கலாம் என்று எழுதுகிறார்கள். பரிசோதனையில் கிருமி தென்பட்ட பிறகுதான் அவர் உறுதியான நோயாளி.

இப்படிப் பிரிப்பதை நாம் குறை கூறவில்லை. எல்லாக் காய்ச்சலையும் ஒரே பெயரில் எழுதினால், எந்த ஊருக்கு எந்த மருந்தை அனுப்புவது என்பதே தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறோம். பரிசோதனையே எட்டிப் பார்க்காத சேரியில், உறுதியான நோயாளி எங்கிருந்து வருவார்?

கொரோனா காலத்தில் இதை நாடே பார்த்தது. மரணத்தின் காரணத்தைப் பதிய, 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டு குறியீடுகள் கொடுத்தது. ஒன்று, கிருமி தென்பட்டவர்களுக்கு. மற்றொன்று, கிருமி தென்படாவிட்டாலும் அடையாளங்களைப் பார்த்து டாக்டர் தீர்மானித்தவர்களுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இரண்டையும் ஏற்றது. ஆனால் நாள்தோறும் வந்த அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் வகையே இடம் பெற்றது. அந்த வகையிலும் எல்லாம் ஒழுங்காக எண்ணப்படவில்லை. தமிழ்நாட்டில் விடுபட்டுப்போன 444 மரணங்கள் 2020 ஜூலை 22-ம் தேதிதான் கணக்கில் சேர்ந்தன.

எண்ணிக்கையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தர வழி செய்யும்படி 2021 ஜூன் 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தொகை 50,000 ரூபாய் என்று முடிவாயிற்று. நோய் உறுதியாகி 30 நாளைக்குள் இறந்தவர், வீட்டிலே இறந்திருந்தாலும், கொரோனாவில் இறந்தவரே என்று 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் பரிசோதனையும் இல்லாமல், டாக்டர் முகமும் பாராமல், மூச்சுத் திணறி இறந்த கூலியாளின் கதி என்ன? மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றார்கள். குழுவோ காகிதம் கேட்கும். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர் வீட்டில் எந்தக் காகிதம் இருக்கும்?

2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் சுமார் 47 லட்சம் பேர் இறந்ததாக 2022 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. சர்க்கார் காட்டிய கொரோனா மரணங்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்த மதிப்பீட்டு முறையை இந்திய சர்க்கார் ஏற்கவில்லை. முறையைப் பற்றி நிபுணர்கள் வாதிடட்டும். ஏழைகளின் மரணம் ஏட்டில் ஏறாமல் போயிற்று என்பதை எந்த வாதமும் மறைக்காது.

நோயைத் தடுக்க வகுத்த வரையறையைக் கொண்டு நிவாரணத்தை மறுப்பது அநியாயம். பரிசோதனை வசதி தராதது யார் குற்றம்? அதற்கு விதவையைத் தண்டிப்பதா?

அடுத்த தொத்து நோய் வருமுன் நாம் கோருவது இதுதான். மூன்று வகை எண்ணிக்கைகளையும் தாலுகா வாரியாக வெளியிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மில் பகுதிகளிலும் இலவசப் பரிசோதனை வேண்டும். பரிசோதனையின்றி இறந்தவர் வீட்டுக்கு ஊழியர் சென்று, நோயின் அடையாளங்களை விசாரித்துக் காரணத்தை எழுத வேண்டும். இது நடக்காத காரியமல்ல. நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டத்தில் இப்படி விசாரித்து எழுதும் முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது.

தோழர்களும் ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு மரணத்தையும் பதியுங்கள். கடைசி நோயில் கவனித்த டாக்டர், மரணத்தின் காரணத்தைக் கட்டணமின்றி எழுதித் தரவேண்டும் என்று 1969-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சங்கத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.