மன்றத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கின்றது?

கல்லூரிக் கல்வி வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. பேச்சு மன்றம், நாடகம், கையெழுத்து இதழ், விளையாட்டு, ஊர்த்தொண்டு ஆகியவை சேர்ந்தே அதனை நிறைவாக்கும். பாடநூல் அறிவைத் தரும். மன்றமோ அவ்வறிவை அவைமுன் எடுத்துரைக்கும் நாவையும் நெஞ்சுரத்தையும் தரும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், அம்மன்றத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கின்றது, எம்மொழியில் திறந்திருக்கின்றது என்னும் வினாவை எழுப்புவாரும் மிகச் சிலரே.

சேலம் மாவட்டத்துச் சலகண்டாபுரத்தை எண்ணிப் பார்க்க. தறியொலி கேட்கும் நெசவூர் அது. அங்கிருந்து சேலத்துக் கல்லூரிகளுக்கும், 1997இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் பிள்ளை, காலையில் பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பை இழக்கும். மாலையில் தவறவிட்டால் இருட்டிய பின்னரே வீடு சேரும். வீட்டிலும் தார் சுற்றுவதற்கு ஒரு கை தேவைப்படும். பெண்பிள்ளையாயின் காலந்தாழ்ந்து வருவதற்கு வீட்டார் இசைவதும் அரிது. மன்றங்களோ பெரும்பாலும் வகுப்புகள் முடிந்த பின்னர்த்தான் கூடுகின்றன! விடுதியில் தங்குவோரும் நகரில் வாழ்வோரும் மேடையேற, நெசவாளர் வீட்டுப் பிள்ளை பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றது.

நேரம் ஒரு தடையெனின் மொழி மற்றொரு தடை. விழாவைத் தொகுத்துரைப்பது ஆங்கிலத்தில், அழைப்பிதழ் ஆங்கிலத்தில், கலையென்று ஆடப்பெறுவது திரைப்படப் பாட்டுக்கான ஆட்டம். தமிழ்வழி படித்து வந்த பிள்ளை கைதட்டுவதற்கு மட்டுமே அங்கு இடமுண்டு. திறமையின்மையாலா அது வாய்மூடி நிற்கின்றது? அன்று, அதன் திறமையைக் கேட்பாரின்மையால்.

சலகண்டாபுரம் கலையறியா ஊரன்று. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரொடு தாங்கிய ப. கண்ணன், நாடகம் எழுதித் திராவிட இயக்க மேடைக்கு வலிமை சேர்த்தவர். அதே மாவட்டத்துச் சமுத்திரத்தில் 1933இல் பிறந்த பெருஞ்சித்திரனார், பள்ளிப் பருவத்திலேயே ‘குழந்தை’ என்னும் கையெழுத்து ஏட்டையும், பின்னர்த் தோழர்களுடன் ‘மலர்க்காடு’ என்னும் ஏட்டையும் நடத்தினார். 1950இல் சேலம் நகராண்மைக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர் பாவாணர். கையெழுத்து ஏடு நடத்திய அம்மாணவரே 1959இல் ‘தென்மொழி’ இதழைத் தொடங்கினார். அவ்வேட்டுக்கு வேண்டியிருந்தவை தாளும் மையும் ஒத்த நெஞ்சினர் சிலரும் மட்டுமே. பெரும்பொருட் செலவில் ஒளிவிளக்கு மேடை அமைப்போர் இதனை எண்ணுதல் நன்று.

மாணவர் செயற்பாடுகளின் மொழி சிறு செய்தியன்று என்பதனைத் தமிழ்நாடு முன்பே உணர்ந்துள்ளது. 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், பள்ளிகளினின்று இந்திப் பாடத்தை நீக்கியதோடு அமையாது, மாணவர் படைப் பயிற்சியில் இந்தி ஆணைச் சொற்களையும் விலக்கியது. அணிவகுப்புத் திடலில் ஒலிக்கும் ஓரிரு சொற்களுக்கே அத்துணைக் கருத்துச் செலுத்திய நாட்டில், கல்லூரி மேடை முழுதும் அயன்மொழிக்கு உரியதாகிவிட்டதைக் கண்டும் வாளாவிருப்பது தகுமா?

‘ஆங்கிலத்தில் பேசிப் பழகினால்தானே வேலை கிட்டும்’ என்பர் சிலர். ஆங்கிலச் சொற்போரும் நடக்கட்டும். அதனை வேண்டுவோர் பயிலட்டும். ஆனால், அதுவே மேடைக்கு வாயிற்காப்பாக நிற்றல் கூடாது. தாய்மொழியில் அஞ்சாது பேசக் கற்ற நா வேற்றுமொழியிலும் விரைவில் துணிவு பெறும். எம்மொழியிலும் பேசவியலாதவாறு நாணி ஒடுங்கிய நாவுக்கு எவ்வேலையும் எளிதிற் கிட்டாது.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் வகுப்பு நேரத்திற்குள்ளேயே மன்றத்திற்கு ஒதுக்குக. நிகழ்ச்சிகளைத் தமிழில் நடத்துக. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணியாக ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றுதல் வேண்டும். அதில் ஒரு பகுதியைச் சொல் தொகுப்புக்குத் தருக. பாவு, ஊடை, விழுது, அச்சு, தார் எனத் தறிக்குழியில் வாழும் தமிழ்ச்சொற்கள் முதிய நெசவாளருடன் மறைந்துபோகுமுன், அவற்றைப் பொருளுடன் எழுதிவைப்பதைவிடச் சிறந்த தொண்டு யாது? ஆங்கு, நேற்றுவரை பேருந்து நிறுத்தத்தில் நின்ற பிள்ளையே பிறர்க்கு ஆசானாகும். பேராசிரியரும் அதனிடம் கேட்டறிவார்.

கல்லூரி நிருவாகம் மனங்கொள்ளும்வரை மாணவர் காத்திருக்க வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சொந்த ஊரின் நூலகத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ பத்துப்பேர் கூடின் அதுவே மன்றம். அவர்தம் கையால் எழுதிய பதினாறு பக்கமே இதழ். கதவு திறக்கப்பெறாத இடத்தில் தமிழ் மாணவர் தமக்கெனத் தனி வாயில் அமைத்துக்கொள்வாராக!