சொற்பிறப்பு விளையாட்டும் இரவற் பெயர்களும்

சொல்லைப் பிரித்து விளையாடுவது தமிழர்க்குப் பழகிய இன்பம். சிலேடையும் மடக்கும் அவ்வின்பத்தின் வழிவந்தவையே. திண்ணையில் ஒருவர் ஒரு சொல்லுக்கு வேர் கற்பிக்க, மற்றொருவர் அதனை மறுத்து வேறொரு வேர் காட்ட, அவையோர் நகைப்பது எவர்க்கும் தீங்கு செய்வதன்று. ஆயின், அவ்விளையாட்டு ஆராய்ச்சியென்னும் போர்வையைப் போர்த்துக்கொள்ளும்போதும், அதனை ஆடுவோர் தம் பெயரை மறைத்துப் பிறர் பெயரிற் பேசும்போதும் நிலைமை வேறாகின்றது. முன்னது சொல்லுக்குப் பொய்த் தாயைக் கற்பிக்கின்றது. பின்னது எழுத்துக்குப் பொய்த் தந்தையைக் கற்பிக்கின்றது. பொறுப்பின்மை என்னும் ஒரே நோயின் இரு குறிகள் இவை.

இந்நோய் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை', யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலமே அவன் பெயரால் வழங்கிற்று என்கிறது. குதிரைமுகம் நீங்கிய இளவரசியின் கதையால் மாவிட்டபுரம் 'மா விட்ட புரம்' ஆயிற்று. கீரிமுகம் நீங்கிய முனிவரின் கதையாற் கீரிமலை பெயர்பெற்றது. கதையென்ற அளவில் இவை மக்களின் கற்பனை வளத்துக்கும் வழிபாட்டுணர்வுக்கும் அரிய சான்றுகள். ஆனால், கதையிலிருந்து பெயர் பிறந்ததா, பெயரிலிருந்து கதை பிறந்ததா என்று வினவாமலே இவற்றை வரலாற்று ஆதாரமாக மேடையேற்றுவோர் புலவர்க்கும் நன்மை செய்திலர்; வரலாற்றுக்கும் நன்மை செய்திலர்.

அன்றாடச் சொற்களிலும் இதுவே நிகழ்கின்றது. கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, குசினி என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை; கந்தோர், கக்கூசு, லாச்சி என்பன ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. 'கதிர்' என்னும் அடியிலிருந்து கதிரையை வருவித்து, மன்னன் கதிரொளியோடு வீற்றிருந்தமையால் அப்பெயர் வந்ததென்று ஒருவர் கூறுவாராயின், அது நல்ல நகைச்சுவை. அதனையே தமிழின் தொன்மைக்குச் சான்றென அவர் எழுதுவாராயின், 'கதெயிரா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லை அறிந்த எவரும் தமிழின் உண்மையான தொன்மையையும் ஐயுறத் தொடங்குவர். ஒலி ஒத்தமை மட்டுங்கொண்டு உறவு நாட்டுதல் இயலாது. பரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்டு 1984 இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி மதிக்கப்படுவது, இனமொழிகளின் சொற்களை நிரல்பட நிறுத்தி ஒப்புநோக்க வழிசெய்தமையாலேயே.

'நிலவுரிமையே கேள்விக்குள்ளாகும் வேளையில், சொல்லின் வேரை இவ்வளவு நுணுகிப் பார்ப்பது ஆடம்பரம்' என்பார் உளர். உண்மை இதற்கு மறுதலை. கொக்குவில், இணுவில் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றைக் குளத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லோடு இணைத்தோர் உண்டு. நீர்நிலையைக் குறிக்கும் 'வில்லு' ஈழத் தமிழ் வழக்கிலும் உண்டு. இத்தகைய வழக்கிற் சொல் சாட்சியாக நிற்கின்றது. பொய்ச்சாட்சியைக் கூண்டிலேற்றுபவன், தன் பக்கத்து மெய்ச்சாட்சியையும் நம்பத்தகாததாக்குகின்றான்.

இனி, பெயரை நோக்குக. 1869 இல் 'போலியருட்பா மறுப்பு' தியாகேச முதலியார் பெயரில் வெளிவந்தது. எழுதியவர் ஆறுமுக நாவலரே என்ற கருத்துப் பின்னாளிற் பரவலாயிற்று. அருட்பா 'மருட்பா' ஆனதும் அப்போரின்போதே. ஒரெழுத்தைச் சேர்த்து எதிரியை வீழ்த்தும் சாதுரியம் இருசாரார்க்கும் சுவை தந்திருக்கலாம். ஆயினும், கோட்பாட்டு விவாதமாகத் தொடங்கியது நீதிமன்றம்வரை சென்று, பல்லாண்டு வசைப்போராக நீண்டமையே அதன் விளைவு. வ. உ. சிதம்பரம்பிள்ளை 1917 இற் பதிப்பித்த 'இன்னிலை'யின் கதையும் இத்தகையதே. பொய்கையார் என்னும் பழம்புலவரின் பெயரைத் தாங்கிவந்த அந்நூலைப் போலியெனப் பின்வந்த அறிஞர் ஒதுக்கினர். பெயரை இரவல் வாங்கியவன் மறைந்துகொண்டான். அதனை நம்பிய பெருமகனின் உழைப்பே வீணாயிற்று.

புனைபெயர் வேறு, ஆள்மாறாட்டம் வேறு. து. உருத்திரமூர்த்தி 'மஹாகவி' என எழுதினார். அப்பெயருக்குரிய புகழும் பழியும் அவரையே சார்ந்தன. பிறர் பெயரில் எழுதுபவனோ புகழைத் தான் நுகர்ந்து, பழியைப் பெயர்க்குரியவன் தலையிற் சுமத்துகின்றான். இறந்துபோன அறிஞரின் பெயராயின், மறுப்பதற்கும் ஆளில்லை.

இவற்றுக்கு மாற்றாக நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரின் வாழ்வு நிற்கின்றது. 1928 இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தில் வைபவமாலையை உரைகல்லில் உரைத்த அவர், 1938 முதற் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1947 இல் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அவர் காட்டிய வேர்களுட் பலவற்றை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆயினும், தம் பெயரால், தம் சான்றுகளோடு எழுதினார். ஆகவே அவரை மறுப்பதற்கும் அவர்மீது கட்டியெழுப்புவதற்கும் வழி உண்டாயிற்று. பிழையுள்ள நேர்மையான நூல் அறிவை வளர்க்கும். பெயரற்ற திறமை அதனைக் கலக்கும்.

இப்பொறுப்பு யாழ்ப்பாணத்தார்க்கு ஏனையோரினும் பெரிது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பராயின. மூலத்தைப் புரட்டிச் சரிபார்க்கும் வாய்ப்பு அத்துணை குறுகிய ஒரு சமுதாயத்திற் போலிச் சொற்பிறப்பும் போலிக் கையொப்பமும் தடையின்றி உலாவும். தீ விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவது அழிவை நிறைவு செய்வதாகும். திண்ணையிற் சிரிப்போர் சிரிக்கட்டும். ஆராய்ச்சி மன்றத்துள் நுழைவோர், சொல்லின் வேரைக் காட்டுமுன் சான்றையும், கட்டுரையை நீட்டுமுன் சொந்தப் பெயரையும் முன்வைத்தல் வேண்டும். அதற்கு அஞ்சுவோர்க்கு மன்றத்தில் இடமில்லை.