நட்டவர் சுவைக்காத நுங்கு

தாயில்பட்டி போன்ற வானம் பார்த்த கரிசல் பூமியில் மரம் என்பது இறைவனின் பெரும் அருட்கொடையாகும். அம்மரங்கள் குறைந்து வருவதை வாசக அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

சில வேளை இயற்கையே மரங்களை அழிக்கின்றது. 2018 நவம்பரில் கஜா புயல், காவிரிப் படுகையில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. ஆனால் புயலுக்கும் வறட்சிக்கும் எளிதில் பணியாத பனையைச் செங்கல் சூளைக்கு விறகாக்குவது மனிதக் கரமன்றோ? மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அரசின் கண்ணுக்கு மறைத்து வெட்டிவிடலாம். அனைத்தையும் பார்ப்பவனுக்கு மறைக்க இயலுமா?

மனிதத் தேவையை மார்க்கம் மறுக்கவில்லை. எனினும், வெட்டியவர் நடவும் கடமைப்பட்டவராவார். பனை பலன் தர 15 ஆண்டுகளுக்கு மேலாகலாம். முதியவர் ஊன்றிய பனையின் நுங்கை அவரே சுவைக்காது போகலாம். ஆயினும் அவருக்கு இழப்பில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. கையில் கன்று இருக்கும்போது இறுதிநாளே வந்துவிடினும், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள்.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன் கண்மாய்க் கரைதோறும் பனங்கொட்டை ஊன்றுவோமாக! வல்ல இறைவன் அதனை ஏற்றருள்வானாக! ஆமீன்.