இளமையும் அளவுகோலும்

மூப்பை விலக்கி இளமையை நிலைநிறுத்த விழைதல் மக்கட்கு இயல்பு. முற்காலத்தார் காயகற்பம் தேடினர். இக்காலத்தார் ஊசிமருந்து தேடுகின்றனர். முகத்தின் தோலுக்குப் புதுப்பொலிவு தருமென்று பல நாடுகளிலும் இன்று விற்கப்படுவன ஹையலூரானிக் அமில ஜெல்கள். இவற்றுள் எது சிறந்தது என்று ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுரைக்கும் கட்டுரைகளும் பலவாக வெளிவருகின்றன. அவ்வொப்பீடுகள் எத்துணை நம்பத்தக்கன என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று வினவற்க. ஒப்புமையின் இலக்கணம் எமக்கும் உரியதே.

முதற்கண் இப்பொருளின் வரலாற்றைக் கூறுதும். 1934ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணினுள் நிறைந்துள்ள தெளிந்த பாகிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு பெயருமிட்டனர். நம் தோலிலும் மூட்டுகளிலும் இஃது இயல்பாகவே உள்ளது. நீரைத் தன்பாற் பிணித்து வைப்பது. ஆயினும், வெளியிலிருந்து தனித்துச் செலுத்தின், உடம்பிலுள்ள நொதிகள் அதனை விரைவிற் சிதைத்துவிடும். ஆதலின் அதன் நீண்ட இழைகளை இரசாயனக் கண்ணிகளால் ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகின்றனர். இத்தகைய ரெஸ்டிலேன் என்னும் ஜெல்லுக்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை 2003ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

ஆய்வுக்கூடத்தார் ஒப்பிடுவன யாவை? இரு தட்டுகளுக்கிடையே ஜெல்லை வைத்து மேற்றட்டை இருபுறமும் அசைத்து, அது எத்துணை விறைப்புடன் எதிர்நின்று மீள்கின்றது என்று அளப்பர். நீரில் இட்டு எவ்வளவு பருக்கின்றது என்று காண்பர். மெல்லிய ஊசிவழியே தள்ளுதற்கு வேண்டும் விசையைக் கணிப்பர். ஹையலூரானிடேஸ் என்னும் நொதியைச் சேர்த்து எத்துணைப் பொழுதிற் கரைகின்றது என்று நோக்குவர். இவையெல்லாம் பயனுடைய சோதனைகளே.

ஆயின், உவமைக்கு உயிர் பொதுத்தன்மை. முகத்தைத் திங்களோடு ஒப்பிடுவோன் ஒளி நோக்கியோ வடிவு நோக்கியோ ஒப்பிடல் வேண்டும். ஒன்றை ஒளியாலும் மற்றொன்றை வடிவாலும் அளந்து ஏற்றத்தாழ்வு கூறின் அஃது உவமையன்று, பிழை. ஜெல்லின் விறைப்பு, தட்டு அசையும் வேகத்திற்கும் வெப்பத்திற்கும் ஏற்ப மாறுவது. ஒருவர் வினாடிக்கு ஒருமுறையும் மற்றொருவர் பத்து வினாடிக்கு ஒருமுறையும் அசைத்துப் பெற்ற எண்களை அருகருகே எழுதி, இது பெரிது அது சிறிது என்றல் எங்ஙனம் பொருந்தும்?

அளவு ஒன்றேயாயினும் அதன் பொருள் வேறாதலுமுண்டு. புரோஃபைலோ என்பதில் ஒரு மில்லிலிட்டருக்கு 32 மில்லிகிராம் அமிலம் உளது; வோலைட் என்பதில் 12 மில்லிகிராமே உளது. எண்ணை மட்டும் நோக்குவார் முன்னதே வலிது என்பர். ஆனால் முன்னது இரசாயனக் கண்ணியின்றி வெப்பத்தால் ஆக்கப்பட்டது. பின்னது கண்ணியாற் பிணைக்கப்பட்டது. மிகுந்திருத்தல் ஒன்று, நெடிது நிற்றல் பிறிதொன்று.

நிற்க. கண்ணாடிக் குடுவை முகமாகுமோ? முகம் சிரிக்கும், மெல்லும், வியர்க்கும். அதன் தோலடியிற் குருதி ஓடும். ஜெல் தவறிக் குருதிக் குழாயினுட் புகின் தோல் அழுகுதலும் கண்ணொளி இழத்தலும் நேரக்கூடும் என்று 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்தது. விறைப்பின் அளவு இத்தீங்கைத் தடுக்காது. மருத்துவரின் கைத்திறனும் முகத்தின் உள்ளமைப்பறிவுமே தடுக்கும்.

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சியே வேண்டாவோ எனின், அன்று. மக்கள் முகத்திற் சோதித்தறிய வேண்டிய துன்பத்துட் சிலவற்றை ஆய்வுக்கூடம் முன்னரே நீக்குகின்றது. தவறு நேர்ந்தவிடத்து எந்த ஜெல் விரைவிற் கரையும் என்று அறிந்திருத்தல் மருத்துவர்க்குப் பேருதவி. யாம் மறுப்பது ஆய்வை அன்று. ஆய்வின் எண்ணை இளமையின் எண்ணாக விற்கும் வாணிகத்தையே. அவ்வொப்பீடுகளுட் பல உற்பத்தியாளர்தம் பொருளுதவியால் நடைபெறுவன என்பதையும் மறத்தலாகாது. விற்பவன் தராசில் நிறுத்தது பொய்யென்று கொள்ளவேண்டுவதில்லை. எனினும் வேறொரு தராசிலும் நிறுத்துப் பார்த்தல் வாங்குவோன் கடன்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று: எல்லா ஜெல்களும் ஒரே முறையில் அளக்கப்படுக, விற்பனையால் ஊதியம் பெறாதாரும் அளந்து சரிபார்க்க, குடுவையிற் கண்டதை மாந்தரிடத்தே காலம் நீட்டித்துக் கண்டதனோடு ஒப்பிட்டபின்னரே பயன் கூறப்படுக. எம்மோடு ஒத்த அகவையினர் சிலரும் சுருக்கம் தோன்றுமுன்னரே இவ்வூசியை நாடத் தொடங்கியுள்ளனர். அவர்கட்கு எண்களைக் காட்டுவோர், அவ்வெண்கள் எதனை அளந்தன, எதனை அளக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறுதலே அறம். அது கூறப்படாவிடின், வினவுதல் கற்றோர் கடனாகும்.