17296: நட்பு எண்ணும் தகடு வியாபாரமும்

 

குடும்பத்தில் பிணக்கு என்றதும் பால்கிதாபு பார்ப்பவரைத் தேடிச் செல்லும் வழக்கம் கள்ளக்குறிச்சி நகரிலும் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் இன்னும் ஒழியவில்லை. அவர் கட்டம் வரைந்து, எண்களை நிரப்பி, தம்பதியரை இது ஒன்றுசேர்க்கும் என்று தகட்டைச் சுருட்டிக் கொடுக்கிறார். ஏன் அந்த எண் என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வியாபாரம் புதிதன்று. 284ஐ மீதியின்றி வகுக்கும், அதனினும் சிறிய எண்கள் 1, 2, 4, 71, 142. இவற்றைக் கூட்டினால் 220. அவ்வாறே 220இன் வகுத்திகளைக் கூட்டினால் 284. இத்தகைய இணையை நட்பு எண்கள் என்பர். இவற்றைக் கொண்டு நேசத் தகடு செய்தோரைப் பற்றி இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் குறிப்பிட்டுள்ளார்.

அறிஞர்கள் நடந்த பாதை வேறு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸாபித் இப்னு குர்ரா, நட்பு எண்களைக் கண்டறியும் பொது விதியை நிறுவினார். அவ்விதியை வேறு வழியில் நிறுவிய பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் 17296, 18416 என்ற இணையை எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவில் ஃபெர்மா இதனை அறிவித்தது 1636இல்தான்.

நம்பச் சொல்லவில்லை, சரிபார்க்கச் சொல்கிறோம். 18416இன் வகுத்திகள் 1, 2, 4, 8, 16, 1151, 2302, 4604, 9208. உங்கள் பிள்ளையிடம் கூட்டச் சொல்லுங்கள், 17296 வரும். 17296 என்பது 16, 23, 47 ஆகியவற்றின் பெருக்கல். தன்னை நீக்கி அதற்கு 19 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை 18416.

இந்த நட்பு எண்ணுக்கும் எண்ணுக்கும் உரியது. கணவன் மனைவிக்கிடையே அது என்ன செய்யும்? உள்ளங்களை இணைப்பவன் அல்லாஹ் ஒருவனே. தாயத்துத் தொங்கவிடுவதை நபி (ஸல்) அவர்கள் இணைவைப்பு என்றே எச்சரித்துள்ளார்கள்.

"எண்ணும் இல்முதானே, அதை ஏன் பழிக்கிறீர்கள்?" என்பர் சிலர். எண்ணை நாம் பழிக்கவில்லை. மத்ரஸாவில் பாகப்பிரிவினைச் சட்டத்தை எண்ணின்றிக் கற்பிக்க இயலாது. ஒருவர் மனைவி, இரு மகள்கள், தாய், உடன்பிறந்த சகோதரன் ஆகியோரை விட்டு மரணித்தால், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்து 24 பங்காகும். மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, சகோதரனுக்கு 1.

குடும்பத்தைக் காக்கும் எண்கள் இவையே. மகளுக்கும் சகோதரிக்கும் உரிய பங்கை மறுத்துவிட்டு, அதனால் மூண்ட பகையைத் தீர்க்கத் தகடு வாங்குவது எவ்வளவு பெரிய அறியாமை! தகட்டுக்குத் தரும் பணத்தைப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்திற்குத் தாருங்கள். எண்ணைக் கழுத்தில் கட்டாதீர்கள், கற்றுக்கொடுங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.