மலைத்தரைக்கு ஏற்ற மட்டை

குடும்பத்தார் படிக்கும் இப்பக்கத்தில் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் சிலர் முகம் சுளித்தல் கூடும். ‘துரைமார் ஆட்டம் நமக்கு எதற்கு?’ என்று பாட்டிமார் முணுமுணுப்பதும் நம் செவியில் விழுகிறது. நுவரெலியாக் கோல்ப் கழகம் தோன்றியது 1889ஆம் ஆண்டில். அப்பசும்புல் வெளியில் நெடுங்காலம் பந்தை அடித்தவர்கள் ஒரு சாரார். மட்டைப் பையைத் தோளில் சுமந்து பின்னே நடந்தவர்கள் மற்றொரு சாரார். பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். நம் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்குள்ள பொருளை எண்ணி நகைக்க வேண்டா. காற்றின் போக்கையும் தரையின் ஈரத்தையும் ஆட்டக்காரரினும் நன்கறிந்தவர் பெரும்பாலும் அவரே. இலங்கையின் தங்கராஜா, பிரபாகரன் ஆகியோர் இந்தியத் தொழில்முறைக் கோல்ப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றுவிட்ட பின்னர், இது பிறர் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஏப்ரல் மாத வசந்த காலக் கூட்டத்தில் பை சுமந்து சேர்த்த பணம் அவரிடம் சிறிது இருக்கிறதாம். மேலும் சிறிது வீட்டில் கேட்டு வாங்கி, ‘வெட்ஜ்’ மட்டை ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது ஆசை. பெரிய வீரர்கள் வைத்திருப்பது போல் 60 பாகைச் சாய்வுள்ளதை வாங்கலாமா என்பது அவர் கேள்வி. விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றினும் இது குடும்பக் கணக்கே ஆகும். பெயர்பெற்ற கம்பனியின் புதிய வெட்ஜ் ஒன்று 150 அமெரிக்க டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டு டாலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தாய் ஒருத்தி முப்பத்துமூன்று நாள் கொழுந்து எடுத்த கூலி அந்த ஒற்றை மட்டையில் அடங்கிவிடுகிறது. பழைய மட்டை விலை குறைவுதான். ஆயினும் பொருந்தாததை வாங்கினால் அதுவும் வீண் செலவே.

வெட்ஜ் என்றால் ஆப்பு. பெயருக்கேற்றபடி, புல்லுக்கும் பந்துக்கும் இடையே புகுந்து பந்தை உயரத் தூக்கி, குழியிருக்கும் பசுந்தரையில் மெல்ல இறக்குவது இதன் தொழில். நுவரெலியா ஆட்டத்திடல் 18 குழிகளும் சேர்ந்து 6,000 கஜத்துக்கு உட்பட்டது, ஒடுக்கமானது, இரு மருங்கும் மரங்கள் அடர்ந்தது. ஆகவே நெட்டடி அடிக்கும் வல்லமையைக் காட்டிலும் குறுந்தூரக் கைப்பழக்கமே அங்கு மிகுதியும் உதவும்.

இம்மட்டையில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது சாய்வு, அதாவது மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்பது. எண் கூடக் கூடப் பந்து உயரும், தூரம் குறையும். இரண்டாவதை ‘பவுன்ஸ்’ என்பார்கள். கடைக்குப் போகிறவர்கள் சாய்வை மட்டும் கேட்டு வாங்கி, இதைக் கேளாமல் வந்துவிடுகிறார்கள். நம் கருத்தில் மலைநாட்டில் முதலில் பார்க்கத்தக்கது இதுவே.

தோட்டத்தார்க்கு இதை விளக்குதல் எளிது. மண்ணில் குத்தினால் முள்ளு ஆழ இறங்கும். சுரண்டி மேலோடு வழித்துக்கொண்டு போகும். வெட்ஜின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன் விளிம்பைக் காட்டிலும் பின்பகுதி தாழ்ந்து புடைத்திருக்கும். அத்தாழ்வின் கோணமே பவுன்ஸ். அது 4, 6 என்று சிறியதாயின் மட்டை முள்ளைப் போல மண்ணுக்குள் இறங்க முற்படும். 12, 14 என்று பெரியதாயின் மண்ணில் புதையாமல் வழுக்கி வெளிவரும். மட்டையில் 56-12 என்று பொறித்திருந்தால் சாய்வு 56 பாகை, பவுன்ஸ் 12 பாகை என்று கொள்க.

இந்தப் புடைப்பு வழக்குக்கு வந்த கதை சுவையானது. ஜீன் சாரசென் என்பவர் 1902இல் அமெரிக்காவில், இத்தாலியிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளம்பிராயத்திலேயே பை சுமக்கச் சென்றவர். மணற்குழியில் விழுந்த பந்தை எடுப்பது அக்காலத்தில் பெரும்பாடு. மெல்லிய விளிம்புள்ள மட்டை மணலில் புதைந்துபோகும். விமானம் மேலெழும்போது அதன் வால் தாழ்வதைக் கண்ட சாரசெனுக்கு, மட்டையின் வாலையும் தாழ்த்தினால் என்ன என்று தோன்றிற்றாம். இரும்பு மட்டையின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்து அராவிப் பார்த்தார். அம்மட்டையுடன் 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். போட்டிக்கு முன்பு யாரும் பார்த்துத் தடை கேட்டுவிடாதபடி, மட்டையைப் பைக்குள் தலைகீழாகச் செருகி வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பை சுமந்த பையனின் மூளைக்கு இது ஒரு சான்று.

இனி நம் தரைக்கு வருவோம். நுவரெலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மழையில்லா நாளிலும் மூடுபனி புல்லை நனைத்துவிடும். அட்டன் பக்கத்திலோ தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இத்தகைய மெத்தென்ற மண்ணில் பவுன்ஸ் குறைந்த மட்டையை வீசினால் பந்துக்கு முன்பே மண்ணைக் கிள்ளி நின்றுவிடும். புல்கட்டி பறக்கும், பந்து பறவாது. ஆகவே 10 முதல் 12 பாகை பவுன்ஸ் இங்கு நன்று. அதற்கு மேலும் போகவேண்டா. மழையில் இறுகிய மணற்குழியில் மிகப் பெரிய புடைப்பு துள்ளியெழுந்து பந்தின் வயிற்றில் மோதிவிடும். ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் தரை காயும் நாட்களிலும் அதே தொல்லை நேரும்.

காற்றையும் மறத்தலாகாது. கடல் மட்டத்திலுள்ள கொழும்பைவிட, 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. கொழும்பில் 100 கஜம் போகும் அடி இங்கு சில கஜம் கூடப் போகும். அங்கே பழகி வந்தவர்கள் பசுந்தரையைத் தாண்டி அடித்துவிட்டு மட்டையை முறைத்துப் பார்ப்பதன் காரணம் இதுவே.

மாணவரின் 60 பாகைக்கு நம் விடை: இப்போது வேண்டா. சாய்வு மிகுந்த மட்டையில் சிறிது பிசகினாலும் பந்து மேலே போய்க் காலடியிலேயே விழும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்துப் பழகுவோர்க்கு அது கருவி. பள்ளி விட்டு வந்து பழகுவோர்க்கு அது கண்ணி. அன்றியும் 56 பாகை மட்டையின் முகத்தைச் சற்றே வெளிப்புறம் திருப்பிப் பிடித்தால் அதுவே 60 பாகை போல உயரத் தூக்கும். அப்போது பவுன்ஸும் கூடுமாதலால் ஈரத்தரையில் ஆதாயமே. காய்ந்த தரையில் மட்டும் அவ்வாறு திருப்பற்க. ஒரே வெட்ஜ்தான் வாங்க முடியும் என்றால் 56-12 என்பதையே வாங்குக.

வாங்குமுன் பழைய இரும்புத் தொகுதியிலுள்ள ‘பிட்சிங் வெட்ஜ்’ எத்தனை பாகை என்று பாருங்கள். முன்னாளில் அது 48, 50 ஆக இருந்தது. இக்காலத்தில் 46, சிலவற்றில் 44 வரை குறைந்துவிட்டது. 46க்கும் 56க்கும் இடையே பத்துப் பாகை இடைவெளி உண்டு. அவ்விடைவெளிக்குக் கைவீச்சைக் குறைத்துப் பழகலாம். பணம் சேர்ந்தபின் 51 அல்லது 52 பாகையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

பழைய மட்டையாயின் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடைப்படாமல் வழுக்கினால் வரி தேய்ந்துவிட்டது. நனைந்த புல்லில் அது பந்தைப் பற்றாது. மேற்பூச்சில்லாத எஃகு மட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை நம் மூடுபனியில் துருப்பிடிக்கும். துரு ஆட்டத்தைக் கெடுக்காதாயினும், கொடுத்த காசை எண்ணி அம்மா கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல நேரும். கூடுமாயின் விலை பேசுமுன் ஈரத்தரையில் பத்துப் பந்து அடித்துப் பார்க்கத் தருமாறு கேளுங்கள். மட்டை பெயர்த்த புல்கட்டி கையகல மெல்லிய தோலாக வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். சேம்பங்கிழங்கு தோண்டியது போலக் குழி விழுந்தால், பவுன்ஸ் கூடிய வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.