யார் தலையில் எது

மாங்காட்டிலிருந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் போய்விடலாம். பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாய் விரித்து, துருப்பிடித்த பூட்டிலிருந்து ரிசீவர் இல்லாத டெலிபோன் வரைக்கும் பரப்பியிருப்பார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு, பழைய பொருள் தேடுகிறவர்களுக்குச் சென்னையில் மிஞ்சிய நல்ல இடம் இதுதான் என்பேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

நான் தேடுவது ஒரு காலத்தில் யாரோ உடம்பில் அணிந்திருந்த பொருள்களை மட்டும்தான். தொப்பி, தலைப்பாகை, கடுக்கன், கைத்தடி, சாவி கொடுக்கும் கைக்கடிகாரம். வாங்கியதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது. துடைத்து, காயவைத்து, அணிந்துகொண்டு காமாட்சி அம்மன் கோயில் தெரு வரை ஒரு நடை போய்வருவேன். ஒரு பொருளை ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது அது உடம்பில் ஏறினால்தான் விளங்குகிறது.

என்னிடம் ஒரு நெட்டித் தொப்பி இருக்கிறது. பழைய படங்களில் வெள்ளைக்காரத் துரைகள் போட்டிருப்பார்களே, அதுதான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. மேலே காக்கித் துணி, விளிம்புக்கு அடியில் பச்சைத் துணி, உள்ளே நெற்றியில் படுகிற தோல் பட்டை. அந்தப் பட்டை தொப்பியோடு ஒட்டியிருக்காது. நடுவில் சின்னச் சின்னத் தக்கைகள் வைத்து விரலளவு இடைவெளி விட்டிருப்பார்கள். காற்று அந்த வழியாக ஏறி, உச்சியில் உள்ள குமிழ் வழியாக வெளியேறும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நின்றபோது, தலை வேர்க்கவில்லை என்பதை என் தலையாலேயே தெரிந்துகொண்டேன். எதிரி மழைதான். நனைந்தால் நெட்டி ஊறி உருக்குலைந்துவிடும்.

அது என்ன பொருள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் ஏற்றி மாடுகளின் கழுத்தில் கட்டுகிறோமே, அதே நெட்டிதான். தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களையும் சிலைகளையும் வெள்ளை வெளேரென்று செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் இதில்தான். குளத்தோரம் முளைத்த செடியின் உள்தண்டு, நம் ஊரில் மாட்டுக்கு மாலையாகவும் துரைக்குத் தொப்பியாகவும் ஆனது. இந்தத் தொப்பி இல்லாமல் வெளியே போனால் வெள்ளைக்காரன் மூளை வெயிலில் கலங்கிவிடும் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய சிப்பாய்களே சாதாரணத் தொப்பியோடு வெயிலில் கிடந்து பிழைத்த பிறகுதான் அந்த நம்பிக்கை கழன்றது.

இந்த ஒன்றை மட்டும் நான் தெருவில் போட்டுக்கொண்டு போவதில்லை. அதன் வேலைப்பாடு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதிகாரம் பண்ணுவதற்கென்றே தலையில் ஏறிய பொருள் அது. அந்த நிழலில் நடக்க எனக்கு விருப்பமில்லை.

தெருவில் நான் கட்டிக்கொண்டு போவது தலைப்பாகை. சரிகைக் கரை போட்ட மெல்லிய மல் துணி, நீளம் ஐந்து மீட்டருக்குமேல். கட்டச் சொல்லிக்கொடுத்தவர் பூந்தமல்லிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "தலையில வெச்சு ஆரம்பிக்காதே தம்பி, முழங்கால்ல கட்டிப் பழகு" என்றார். தரையில் உட்கார்ந்து, மடக்கிய முழங்காலைத் தலையாக நினைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூட வேண்டும். "இழுத்துக் கட்டினா தலைவலி வரும், தளர்த்தினா மானம் போயிடும்" என்று சொல்லிச் சொல்லி அவிழ்க்க வைத்தார். சி.வி. ராமனும் ராதாகிருஷ்ணனும் உலகம் முழுக்கச் சுற்றியது இந்தத் துணியோடுதான். திண்டுக்கல்லில் 1957-ல் பிரியாணிக் கடை போட்ட நாகசாமி நாயுடுவின் தலைப்பா, கடைக்கே பெயராகிவிட்டது.

இந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பழைய பொருள் சேர்க்கிறவர்கள் அதைப் பேசுவதே இல்லை என்பது என் ஆதங்கம். விரும்பியதை அணிகிற உரிமை இங்கே எல்லோருக்கும் இருக்கவில்லை. மிராசுதார் எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். பக்கத்தில் திருவிதாங்கூரில் 1893-ல் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான அய்யன்காளி தலைப்பாகை கட்டி, மேல்துண்டு போட்டு, வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். தடுக்க வந்தவர்களைத் துணிந்து எதிர்கொண்டார். இன்றும் அவருடைய சிலைகளின் தலையில் அந்தப் பாகை இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை இன்னும் கொடுமை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை மானிடவியலாளர் ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் சில: பொன்னிலும் வெள்ளியிலும் நகை கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, கிராப்பு வைக்கக் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. சந்தையில் மூங்கில் பிடி போட்ட பழைய குடை ஒன்றையோ, சிவப்புக் கல் கடுக்கன் ஒன்றையோ கையில் எடுக்கும்போது இந்தப் பட்டியல் என் மனதில் ஓடுகிறது. இதை வைத்திருந்தவர் யார்? யார் அனுமதித்து, யாரை எதிர்த்து அணிந்தார்? விற்கிறவருக்கு அது தெரியாது. ஆனாலும் கேட்காமல் நான் வாங்குவதில்லை.

அரசியல் தொப்பிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எம்.ஜி.ஆர். வாழ்ந்த ராமாபுரம் வழியாகப் போகும்போதெல்லாம் அவருடைய வெள்ளைத் தொப்பி ஞாபகம் வரும். 'அடிமைப்பெண்' படப்பிடிப்புக்கு ராஜஸ்தான் போனபோது வெயிலுக்காக ஏறிய தொப்பி, பிறகு இறங்கவே இல்லை என்பார்கள். மெரினாவில் அவருடைய சமாதியில் காது வைத்து, அவரோடு புதைத்ததாகச் சொல்லும் கைக்கடிகாரத்தின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியில் 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போய்விட்டாலும் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி இன்னும் போகவில்லை.

கைக்கடிகாரம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, 'ஜனதா'வுக்கும் 'பைலட்'டுக்கும் கிராக்கி ஏறிவிட்டது. அதனால் பழைய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். எண்களின் ஓரம் கசிந்திருந்தால் விட்டுவிடுங்கள். நிறம் மங்கி, கீறல் விழுந்த அசல் டயல்தான் மதிப்பு.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தலைப்பாகை இருந்தால், பிளாஸ்டிக் பையிலிருந்து முதலில் அதை வெளியே எடுங்கள். குத்தியிருக்கும் ஊசிகளைக் கழற்றுங்கள், துரு துணியைத் தின்றுவிடும். நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும். ஒரு நாடாத் துண்டில் அவர் பெயர், ஊர், எந்த நாளில் கட்டினார் என்பதை எழுதி ஓரத்தில் தைத்துவிடுங்கள். மாங்காட்டில் முகூர்த்த நாளில் வாடகை டர்பனோடு வருகிற மாப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர் தாத்தாவின் பாகையைக் கொண்டுவந்தால், கட்டிவிட நான் தயார்.